அருவப் பின்னணி நிரல் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண அழைப்பிதழ், கொடை விழா பிளெக்ஸ், மேடை எல்இடி திரை, போன் வால்பேப்பர் என்று எதற்காவது அருவமான, அதாவது குறிப்பிட்ட உருவம் இல்லாத, பின்னணிப் படத்தை நிரல் எழுதி வரைகிறவர்களுக்கான குறிப்பு இது. வார்த்தை கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவிகள் வேறு. இங்கே பேசுவது நாமே விதியை எழுதிக் கொடுத்து, அதன்படி கணினியைக் கோடும் நிறமும் போட வைக்கும் முறையைப் பற்றி. நான் பயன்படுத்துவது பி5.ஜேஎஸ், சில நேரம் பிராசஸிங். கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் 2001-ல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கியது பிராசஸிங். அதே எண்ணத்தை உலாவிக்குள் கொண்டுவர லாரன் மெக்கார்த்தி 2013-ல் தொடங்கியது பி5. இரண்டும் இலவசம். பி5-க்கு எதையும் நிறுவ வேண்டாம், உலாவி இருந்தால் போதும்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிசைன் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் பற்றி என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: "அண்ணே, படம் நல்லா வரல்ல, எனக்குக் கலை வராது போல." கலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தில் எட்டு தடவை அது ஒரு சின்னக் கணக்குப் பிழை. அறிகுறியைச் சரியாகப் பார்த்தால் காரணம் தானே தெரிந்துவிடும்.

எதையும் தொடும் முன்: படத்தை உறைய வையுங்கள்

இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் படம் மாறிக்கொண்டே இருந்தால், நீங்கள் செய்த திருத்தம் வேலை செய்ததா, இல்லை இந்தத் தடவை அதிர்ஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

செட்டப் பகுதியில் (தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடுவது) மூன்று வரி போதும். ரேண்டம்சீட் ஒரு எண்ணோடு, நாய்ஸ்சீட் அதே எண்ணோடு, பிக்சல்டென்சிட்டி(1). சீட் என்பது கணினி உருட்டும் எண்களுக்கான தொடக்க எண்; அதே சீட் கொடுத்தால் அதே எண்கள் வரும். கடைசி வரி திரை அடர்த்தியை ஒன்று என்று கட்டிவைக்கும். அசைவு இல்லாத படம் என்றால் நோலூப் வரியையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தை வரையும் டிரா பகுதி நொடிக்கு 60 தடவை வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

சீட் போட்ட பிறகும் படம் மாறுகிறதா? நிரலில் எங்கேயோ மேத்.ரேண்டம் ஒளிந்திருக்கிறது. அது ஜாவாஸ்கிரிப்டின் சொந்தச் சரக்கு. பி5-இன் சீட் அதைக் கட்டுப்படுத்தாது. மவுஸ் இருக்கும் இடத்தையோ, ஓடி எத்தனை மில்லி விநாடி ஆனது என்பதையோ கணக்கில் சேர்த்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று. பிராசஸிங்கில் சீட் 42 தரும் படமும் பி5-இல் சீட் 42 தரும் படமும் வேறு வேறு. உள்ளே எண் உருட்டும் முறை வேறு. ஒன்றில் பிடித்த படத்தை இன்னொன்றில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சேமிக்கும் கோப்பின் பெயரிலேயே சீட் எண்ணைச் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். "அந்த நீலக் கலர்ல ஒண்ணு அனுப்பினீங்களே, அதே தான் வேணும், ஆனா பெருசா" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

திரை வெறும் வெள்ளையாக இருக்கிறது

உலாவியில் எஃப்12 அழுத்தி கன்சோலில் (பிழைச் செய்தி வரும் பகுதி) சிவப்பு எழுத்து இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கட்டளையின் நடுவில் வர வேண்டிய பெரிய எழுத்து சின்னதாகிவிட்டது. அல்லது நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது, வரும் வழியில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறிவிட்டன. அவற்றை அழித்துவிட்டுக் கையால் திரும்ப அடியுங்கள். அல்லது பழைய பாடத்திலிருந்து எடுத்த நிரலில் ப்ரீலோட் (படத்தை முன்கூட்டியே ஏற்றும் பகுதி) இருக்கிறது, ஆனால் நீங்கள் இணைத்திருப்பது பி5-இன் 2.0 பதிப்பு. அதில் ப்ரீலோட் கிடையாது. செட்டப்பின் முன்னால் அசிங்க் போட்டு, படம் ஏற்றும் வரியில் அவெய்ட் போட வேண்டும்.

சிவப்பு எழுத்தே இல்லாமல் வெள்ளை என்றால், வரைவது கேன்வாஸுக்கு (வரையும் பரப்பு) வெளியே நடக்கிறது, அல்லது வெள்ளையில் வெள்ளை வரைகிறீர்கள். ஸ்ட்ரோக் நிறத்தைச் சிவப்பாக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மென்மையான அலை வர வேண்டிய இடத்தில் சிக்னல் போன டிவி போல வெறும் புள்ளி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வடிந்ததும் கறுப்பு மணலும் வெளிர் மணலும் வரிவரியாகப் பிரிந்து கிடக்குமே, அந்த மாதிரிப் பின்னணிக்கு நாய்ஸ் என்ற கட்டளைதான் கை கொடுக்கும். கென் பெர்லின் 1983-ல் உருவாக்கி, 1997-ல் அதற்காக ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது வாங்கிய முறையின் வழிவந்தது இது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பக்கத்துப் பக்கத்து மதிப்பு தரும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் "பக்கத்து" என்றால் எவ்வளவு பக்கம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நாய்ஸ்(எக்ஸ், ஒய்) என்று பிக்சல் எண்ணை அப்படியே கொடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒரு முழு எண் தூரம் தாவுகிறது. நாய்ஸுக்கு அது பெரிய தாவல்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உறவே இருக்காது. எக்ஸையும் ஒய்யையும் 0.005 முதல் 0.03 வரையான ஏதாவது ஒரு எண்ணால் பெருக்கிக் கொடுங்கள். சின்ன எண் என்றால் பரந்த மேடு பள்ளம், பெரிய எண் என்றால் நெருக்கமான சலசலப்பு. மணல் வரி வேண்டுமென்றால் எக்ஸை 0.003-ஆலும் ஒய்யை 0.03-ஆலும் பெருக்குங்கள், கிடைமட்டமாக நீண்டு வரும்.

மாறாக, மென்மையாக வருகிறது ஆனால் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிகிறது என்றால் நாய்ஸ்டீடெயிலில் அடுக்கை 1 என்று குறைத்திருப்பீர்கள். இயல்பு நிலை 4 அடுக்கு. கட்டம் அப்படியும் தெரிந்தால் எக்ஸ், ஒய்யை ஒரு 30 டிகிரி சுழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டம் போகாது, ஆனால் சாய்ந்துவிடும். சாய்ந்த கட்டத்தைக் கண் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்காது.

எல்லாக் கோடும் இடப்பக்கமாகவே ஓடுகிறது. படம் முழுக்க ஒரே சாம்பல்

இரண்டு வேறு புகார் போலத் தெரியும். நோய் ஒன்றுதான்.

முப்பந்தல் காற்றாலைப் பக்கம் காற்று போகும் போக்கை வரைவது போல, நாய்ஸ் மதிப்பைக் கோணமாக்கி ஆயிரக்கணக்கான துகள்களை ஓடவிடுவது அருவப் பின்னணியில் எல்லோரும் முதலில் செய்யும் வேலை. பாடங்களில் "நாய்ஸ் 0 முதல் 1 வரை தரும், அதை முழு வட்டத்தால் பெருக்கு" என்று இருக்கும். சரிதான், ஆனால் நாய்ஸ் அந்த எல்லைகளுக்குப் போகவே போகாது. இயல்பு நிலையில் நான்கு அடுக்குகளின் பங்கு 0.5, 0.25, 0.125, 0.0625. கூட்டினால் 0.9375. உச்சமே அவ்வளவுதான். நான்கு அடுக்கும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் மதிப்புகள் பாதியைச் சுற்றியே மொய்க்கும். பாதி வட்டம் என்றால் 180 டிகிரி. 180 டிகிரி என்றால் இடப்பக்கம். அதனால்தான் உங்கள் காற்று எப்போதும் மேற்கே வீசுகிறது.

கோணத்துக்கு: முழு வட்டத்தால் பெருக்குவதற்குப் பதிலாக இரண்டு வட்டம், மூன்று வட்டத்தால் பெருக்குங்கள். எல்லாத் திசையும் கிடைக்கும். நான்கைத் தாண்டினால் சுருட்டை முடி ஆகிவிடும், அது பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

சாம்பலுக்கு: நாய்ஸ் மதிப்பை 0–1 என்று நம்பி 0–255 ஆக்காமல், மேப் கட்டளையில் 0.2 முதல் 0.75 வரை என்று கொடுத்து 0–255 ஆக்குங்கள். கான்ஸ்ட்ரெயின் போட்டு விளிம்பை வெட்டுங்கள். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும். இந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு "கலர் சென்ஸ்" திடீரென்று வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

கொஞ்ச நேரம் ஓடியதும் துகள்களெல்லாம் நாலைந்து தடித்த ஓடைகளில் சேர்ந்து, மற்ற இடமெல்லாம் காலியாகிவிடுகிறதா? ஒவ்வொரு துகளுக்கும் ஆயுள் வையுங்கள். 150 அடி எடுத்து வைத்ததும் அழித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் பிறக்க வையுங்கள்.

நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒரே படம்

சிலருக்கு இது வரமாகத் தெரியும். கோலம் போல இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். வேண்டுமென்று செய்யாத சமச்சீர் என்றால் அது பிழைதான். கேன்வாஸின் நடுவை 0,0 என்று நகர்த்தியிருப்பீர்கள், அல்லது வெப்ஜிஎல் என்ற முப்பரிமாண முறையில் வரைகிறீர்கள். அதில் நடுதான் தொடக்கம். அப்போது இடப்பாதியில் எக்ஸ் மைனஸில் போகிறது. பி5-உம் பிராசஸிங்கும் நாய்ஸுக்குள் வரும் மைனஸ் எண்ணின் குறியைத் தூக்கிவிட்டு பிளஸ்ஸாகவே எடுத்துக்கொள்கின்றன. மைனஸ் 3-க்கும் 3-க்கும் ஒரே விடை.

நாய்ஸுக்குள் கொடுக்கும்போது எக்ஸோடும் ஒய்யோடும் 1000 கூட்டிவிடுங்கள். முடிந்தது.

சின்னதில் அருமையாக இருந்தது, பிளெக்ஸ் அளவுக்குப் போனதும் வேறு படம்

இதுதான் காசு போகும் இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

10 அடிக்கு 6 அடி பிளெக்ஸ். ரோட்டில் தள்ளி நின்று பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் தாராளம். 120 அங்குலம் பெருக்கல் 72, அதாவது 8640, உயரம் 5184. லேப்டாப்பில் 1080 அகலத்தில் வரைந்து ரசித்த நிரலில் கேன்வாஸ் அளவை மட்டும் 8640 என்று மாற்றி ஓட்டினால் என்ன ஆகும்? நாய்ஸ்(எக்ஸ் * 0.01) அங்கே 10.8 வரை போனது, இங்கே 86.4 வரை போகிறது. நாலு பெரிய அலை இருந்த இடத்தில் முப்பது குட்டி அலை. 2 பிக்சல் கோடு அதே 2 பிக்சலாகவே நிற்கிறது, பத்தடி அகலத்தில் அது கண்ணுக்கே படாது. ஒரு துகள், காலடிக்கு ஒரு பிக்சலாக, 300 காலடி நடந்து படத்தில் கால்வாசியைத் தாண்டியது. இப்போது அதே 300 காலடி மூன்றரை சதவீதம்தான். சீட் ஒன்றுதான், படம் வேறு.

முறையான திருத்தம், நிரலில் வெறும் பிக்சல் எண்ணே இல்லாமல் செய்வது. எக்ஸை அகலத்தால் வகுத்து 10-ஆல் பெருக்கி நாய்ஸுக்குக் கொடுங்கள். ஒய்யையும் உயரத்தால் அல்ல, அகலத்தாலேயே வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் நீளமாக இழுபடும். கோட்டின் தடிமன் அகலத்தில் 0.002 மடங்கு. துகளின் ஒரு காலடித் தூரமும் அகலத்தில் இத்தனை மடங்கு. ரேண்டம் கூப்பிடும் எண்ணிக்கை கேன்வாஸ் அளவைப் பொறுத்து மாறக் கூடாது. இடையில் ஒரு ரேண்டம் கூடினாலும் அதற்குப் பிறகு வரும் எல்லாம் நகர்ந்துவிடும். பல அடுக்கு இருந்தால் ஒவ்வொரு அடுக்கின் முன்னாலும் ரேண்டம்சீட்டை சீட்+1, சீட்+2 என்று புதிதாகப் போடுங்கள். ஓர் அடுக்கைத் தொட்டால் மற்றது ஆடாது.

நாளைக் காலையில் போர்டு கட்ட வேண்டும், நிரலைத் திருத்த நேரமில்லை என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. கேன்வாஸை 1080-க்கு 648 என்றே வைத்துக்கொண்டு பிக்சல்டென்சிட்டி(8) போடுங்கள். கணக்கெல்லாம் பழைய எண்ணிலேயே நடக்கும், சேமிக்கும்போது 8640-க்கு 5184 கிடைக்கும். ஆனால் பிக்சல்ஸ் அணியை (ஒவ்வொரு பிக்சலின் நிற எண்ணும் இருக்கும் பட்டியல்) நேரடியாகத் தொடும் நிரலுக்கு இது ஆகாது. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

பெரிய அளவில் திரை வெறுமையாகிறதா, உலாவி செத்துவிடுகிறதா? ஒரு பிக்சலுக்கு 4 பைட். 8640 பெருக்கல் 5184 கிட்டத்தட்ட 4.48 கோடி பிக்சல், 179 எம்பி. அதன் மேல் உங்கள் திரை அடர்த்தி 2 என்று இருந்து, பிக்சல்டென்சிட்டியைக் கட்டாமல் விட்டிருந்தால் நாலு மடங்கு: 700 எம்பிக்கு மேல். ஐபோன் சஃபாரியில் கேன்வாஸின் மொத்த அளவு 1,67,77,216 பிக்சலைத் தாண்டினால் ஒன்றும் வராது. அதாவது 4096-க்கு 4096. இந்த வேலைக்குப் போனை விட்டுவிட்டுக் கணினிக்கு வாருங்கள். கோடுகளால் மட்டும் ஆன படம் என்றால் பிராசஸிங்கில் பிடிஎஃப் ஆகவே பதிவு செய்யலாம். அப்போது பிக்சல் கவலையே இல்லை, கன்னியாகுமரி வள்ளுவர் சிலை உயரத்துக்கு, 133 அடிக்கு, அடித்தாலும் கோடு உடையாது.

அழைப்பிதழுக்குக் கணக்கு வேறு. கையில் பிடித்துப் பார்ப்பதால் அங்குலத்துக்கு 300. 5-க்கு 7 அங்குலம் என்றால் 1500-க்கு 2100. வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டால் 1570-க்கு 2170 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் மேலே கால்வாசியில் ஒடுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரதியாக

இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெதையும் தேட வேண்டாம். பிக்சல்ஸ் அணியில் நேரடியாக எழுதுகிறீர்கள், திரை அடர்த்தி 2. ஒரு வரிசையில் அகலத்தைப் போல இரண்டு மடங்கு பிக்சல் இருக்கிறது. உங்கள் கணக்கு ஒரு மடங்கு என்று நினைத்து எழுதுகிறது. அதனால் முதல் வரிசை இடப்பாதியிலும் இரண்டாம் வரிசை வலப்பாதியிலும் விழுந்து, எல்லாம் மேல் கால்வாசியிலேயே முடிந்துவிடுகிறது. பிக்சல்டென்சிட்டி(1). நண்பரின் பழைய லேப்டாப்பில் சரியாக வந்து, உங்கள் புது லேப்டாப்பில் கெடுவதற்கும் காரணம் இதுவே.

கூடவே ஒன்று: கெட், செட் கட்டளைகளால் ஒவ்வொரு பிக்சலாகத் தொட்டால் நிரல் ஊர்ந்து போகும். லோட்பிக்சல்ஸ் ஒரு தடவை, அணியில் எழுதுவது, கடைசியில் அப்டேட்பிக்சல்ஸ் ஒரு தடவை. அதற்கும் மேல் வேகம் வேண்டுமென்றால் ஷேடர் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் நிரல்) கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆரஞ்சும் நீலமும் கலக்கும் இடத்தில் சேறு

சங்கிலித்துறைப் பக்கம் நின்று அந்தி வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அதே நிறத்தில் பின்னணி போட ஆசைப்படாதவர் யார்? மேலே நீலம், கீழே ஆரஞ்சு, நடுவில் இரண்டையும் கலக்கும் லெர்ப்கலர் கட்டளை. ஓட்டினால் நடுவில் அழுக்குச் சாம்பல்.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி எண்களில் ஆரஞ்சு 255, 140, 0. நீலம் 0, 80, 200. பாதிவழியில் 127, 110, 100. அது சேறு அல்லாமல் வேறென்ன? ஆர்ஜிபியில் எதிரெதிர் நிறங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டால் அது சாம்பல் வழியாகத்தான் போகும்.

சரி, எச்எஸ்பிக்கு (சாயல், செறிவு, வெளிச்சம் என்று நிறத்தைச் சொல்லும் முறை) மாறலாம் என்று மாறி, சாயல் எண்ணை நேராகக் கலந்தால் நடுவில் பச்சை வரும். ஆரஞ்சின் சாயல் 33, நீலம் 216. நடு எண் 124, சுத்தமான பச்சை. வானத்தில் பச்சை யாருக்கு வேண்டும்? ஆரஞ்சை 33 என்று வைக்காமல் 393 என்று வையுங்கள் (360-ஐக் கூட்டியது). 393-இலிருந்து 216-க்கு இறங்கி, வரும் விடையை 360-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். இப்போது சிவப்பு, ரோஜா, ஊதா வழியாக நீலத்துக்குப் போகும். நம் ஊர் அந்தியும் அந்த வழியில்தான் போகிறது. இந்தக் கணக்கு தலை சுற்றினால் நடுவில் 230, 90, 120 மாதிரி ஒரு ரோஜாவை மூன்றாம் நிறமாக வைத்து, இரண்டு துண்டாகக் கலக்கினாலும் போதும்.

எச்எஸ்பிக்கு மாறியதும் ஒளி ஊடுருவும் நிறங்களெல்லாம் கெட்டியாகிவிட்டன என்றால்: பி5-இல் அந்த முறையில் ஆல்ஃபாவின் (நிறத்தின் கெட்டி அளவு) எல்லை 0 முதல் 1. நீங்கள் கொடுக்கும் 50 அதற்கு முழுக் கெட்டி. பிராசஸிங்கில் எல்லா எல்லையும் 255. கலர்மோட் வரியிலேயே 360, 100, 100, 100 என்று எழுதிவிட்டால் இரண்டிலும் குழப்பமில்லை.

நிறம் மெல்ல மாற வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாக

இருண்ட பின்னணியில்தான் இது அதிகம். வெளிச்சம் 20-இலிருந்து 60-க்கு ஏறுகிறது என்றால் நடுவில் இருப்பது 40 படிதான். 3840 பிக்சல் அகலத்தில் ஒவ்வொரு படியும் 96 பிக்சல் பட்டை. கண்ணில் படாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு பிக்சலிலும் மைனஸ் 2 முதல் 2 வரை ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டுங்கள். மிக மெல்லிய மணல் தூவல் வரும், பட்டை கரைந்துவிடும். சேமிப்பது பிஎன்ஜியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்குகிற சுருக்கில் அந்தத் தூவலும் போய்ப் பட்டை திரும்பி வந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஜிஃப் என்றால் 256 நிறம்தான், பட்டை நிச்சயம்.

திரையில் ஜொலித்தது, அச்சில் சாம்பிப் போனது

நிரல் பிழையே இல்லை இது. கேன்வாஸ் ஆர்ஜிபி, அச்சு இயந்திரம் நாலு மை. மின்னும் நீலம் ஊதாவாகச் சாயும், கிளிப்பச்சை இறங்கிப் போகும். மையால் அந்த நிறத்தைக் கொண்டுவரவே முடியாது என்பதுதான் காரணம்; கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கிரிட்டா போன்ற மென்பொருளில் படத்தைத் திறந்து சிஎம்ஒய்கேக்கு (அந்த நாலு மை நிறமுறை) மாற்றிப் பாருங்கள், வரப்போவது அங்கேயே தெரியும். மாறுவது பிடிக்கவில்லை என்றால் நிரலுக்குத் திரும்பிச் செறிவைக் குறைத்து, மையால் முடிகிற நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு போர்டு அடிக்கும் முன் ஒரு அடித் துண்டு அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது மலிவு.

சில்லறைத் தொல்லைகள்

டவுன்லோட் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது: சேவ்கேன்வாஸ் வரி டிராவுக்குள் இருக்கிறது. ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் மட்டும் சேமிக்கும்படி கீபிரெஸ்ட் பகுதிக்கு மாற்றுங்கள்.

திரையில் வெள்ளை, போன் கேலரியில் கறுப்பு: பேக்கிரவுண்ட் வரியே இல்லை. படம் ஒளி ஊடுருவும்படி சேமிக்கப்படுகிறது. பார்க்கிற செயலி தனக்குப் பிடித்த நிறத்தைப் பின்னால் வைக்கிறது.

மங்கி மறைய வேண்டிய தடம் முழுசாக மறையாமல் அழுக்காகத் தங்குகிறது: பேக்கிரவுண்டை ஆல்ஃபா 10 என்று மெல்லியதாக ஒவ்வொரு தடவையும் பூசுகிறீர்கள். மிச்சம் பன்னிரண்டு படி அளவுக்கு வந்ததும், பூசுவதால் ஏற்படும் மாற்றம் அரைப் படிக்கும் கீழே போய், முழு எண்ணாக்கும்போது பூஜ்யம் ஆகிவிடும். எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அந்த அழுக்கு போகாது. ஆல்ஃபாவைக் கூட்டுங்கள், அல்லது ஒவ்வொரு துகளின் பழைய பாதையையும் நினைவில் வைத்து முழுப் படத்தையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரையுங்கள்.

எல்லாம் வெள்ளையாகப் பொங்கிவிட்டது: பிளெண்ட்மோட் ஆட் (நிறங்களைக் கூட்டும் முறை) போட்டுவிட்டுத் திருப்பி பிளெண்டுக்கு மாற்றவில்லை. பேக்கிரவுண்டும் கூட்டலில் சேர்ந்துவிட்டது.

கட்டங்களுக்கு நடுவில் மயிரிழைக் கோடு: தோவாளை மாணிக்கமாலையில் இதழை மடித்து மடித்து அடுக்குவார்களே, அந்த மாதிரிக் கட்ட அடுக்கு போடும்போது இது வரும். கட்டத்தின் அகலம் 37.5 மாதிரிப் பின்னத்தில் இருக்கிறது; ஓரத்தை உலாவி மழுப்பி வரைவதால் பின்னணி எட்டிப் பார்க்கிறது. முழு எண்ணாக்குங்கள், அல்லது ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பிக்சல் கூட்டி வரையுங்கள்.

படம் அழகு, ஆனால் மேலே எழுத்து படிக்கவில்லை

பின்னணி என்பது பின்னால் இருப்பதற்கு. மணமக்கள் பெயர், இரு வீட்டார் பெயர், பட்டப்படிப்பு, கோயில் அல்லது ஆலயத்தின் பெயர், நேரம், பிறகு விருந்து நடக்கும் மண்டபம் என்று நம் ஊர் அழைப்பிதழில் எழுத்துக்குப் பஞ்சமே கிடையாது. எழுத்தின் கோட்டுத் தடிமனும் பின்னணிக் கோட்டின் தடிமனும் ஒரே அளவில் இருந்தால் எந்த நிறம் வைத்தாலும் படிக்க முடியாது. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். ஓடும் கோடுகளோடு சேர்ந்து குழம்பிவிடும்.

எழுத்து வரும் இடத்துக்கு ஒரு செவ்வகத்தை மனதில் வைத்து, அதற்குள் வரும் புள்ளிகளுக்கு நாய்ஸின் வீச்சைக் குறையுங்கள்: வெளியே 0–255 என்றால் உள்ளே 200–240. ஓரத்தில் சட்டென்று வெட்டாமல் தூரத்தைப் பொறுத்து மெல்ல மாற்றுங்கள். மேலே ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டுவதை விட இது எவ்வளவோ மேல். பெட்டி ஒட்டப் போவதென்றால் இத்தனை பாடுபட்டுப் பின்னணி எதற்கு?

எல்இடி திரையில் பத்து விநாடிக்கு ஒரு தடவை குதிக்கிறது

மேடைக்கு அசையும் பின்னணி கேட்பது இப்போது சகஜம். 10 விநாடி, நொடிக்கு 30 என்று 300 படம். திரும்பத் திரும்ப ஓடும். 300-ஆம் படத்துக்கும் முதல் படத்துக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் குதிக்கும்.

நேரத்தை நேர்கோட்டில் விடாமல் வட்டத்தில் விடுங்கள். எத்தனையாவது படம் என்பதை 300-ஆல் வகுத்து முழு வட்டத்தால் பெருக்கினால் கோணம்; அதன் கோசைனையும் சைனையும் ஆரத்தால் பெருக்கி நாய்ஸுக்குக் கொடுத்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். ஆரத்தை விடப் பெரிய எண்ணை இரண்டிலும் கூட்ட மறக்க வேண்டாம். மேலே சொன்ன மைனஸ் தொல்லை இங்கேயும் உண்டு. ஒரு வட்டத்தின் அளவு, ஒரு கோட்டின் உயரம் என்று ஒற்றை எண்களுக்கு இது போதும். முழுத் தளமும் அலைய வேண்டுமென்றால் எக்ஸ், ஒய்யோடு வட்டத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு பரிமாணம் வேண்டும். பி5-இன் நாய்ஸுக்கு மூன்றுதான். நாலு பரிமாணம் தரும் சிம்ப்ளெக்ஸ் நாய்ஸ் நூலகத்தைத் தனியாக இணையுங்கள். அது கைவசம் இல்லையென்றால் கடைசி ஒரு விநாடியில் பழைய ஓட்டத்தை மங்கவிட்டு, முதல் படத்துக்கு முந்தைய ஒரு விநாடியை மேலே தெளியவிடலாம்.

நேரத்துக்கு மில்லிஸ் (ஓடிய மில்லி விநாடி) வேண்டாம், ஃபிரேம்கவுண்ட் (எத்தனையாவது படம்) போடுங்கள். சேமிக்கும்போது கணினி திணறும். மில்லிஸ் திணறலையும் சேர்த்து எண்ணிவிடும்.

அளவு கேட்காமல் தொடங்கவும் வேண்டாம். அரை மீட்டர் சதுரப் பேனல், புள்ளி இடைவெளி 3.9 மில்லிமீட்டர் ரகம் என்றால் ஒரு பேனலுக்கு 128-க்கு 128 பிக்சல். எட்டு பேனல் அகலம், ஐந்து பேனல் உயரம் வைத்தால் மொத்தமே 1024-க்கு 640. 4கேயில் வரைந்து அனுப்பினால் ஒரு பிக்சல் கோடெல்லாம் நசுங்கி மினுக்கும், வீடியோ எடுப்பவர் கேமராவில் அலை அலையாகப் பூச்சி பறக்கும். எத்தனை பேனல், எந்த ரகம் என்று திரை கட்டுபவரிடம் முதலிலேயே போன் போட்டுக் கேட்டு, அதே அளவில் கேன்வாஸ் போடுங்கள். கோடு 3 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.